மூக்கின் மேல் ஒரு சக்களத்தி

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டுக்காரர் எனக்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. எங்கள் தென்காசிப் பக்கம் பெண்டாட்டிக்கு நன்றி சொல்லும் புருஷனை யாரும் கண்டதில்லை; அப்படிச் சொன்னால் உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்துதான் போவோம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, குரலெல்லாம் குழைய, "ரொம்ப நன்றிம்மா" என்றார். காப்பியோடு வந்த நான் வாசல்நிலையிலேயே நின்றுவிட்டேன். அவர் சொன்னது எனக்கில்லை. அவர் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்கு.

பார்த்தால் சாதாரண மூக்குக் கண்ணாடிதான். கறுப்புச் சட்டம் மட்டும் கொஞ்சம் தடிமன். ஓரத்தில் கடுகு மாதிரி ஒரு கேமரா, படம் எடுக்கும்போது எரிய ஒரு பொட்டு லைட். காதுப்பக்கக் கம்பியில் ஸ்பீக்கர். செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும். "என் முன்னால் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் பதில் சொல்லும். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வாங்கி வந்து, தமிழ் பேசும்படி செய்தும் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் குரலுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. தொண்டையில் கரகரப்பு இல்லை, இருமல் இல்லை, 'இருங்க, அடுப்பில் பால் இருக்கு' என்ற பேச்சே இல்லை. முதல் நாளிலிருந்தே நான் அதை 'அது' என்று சொன்னதில்லை. அவள்தான்.

அவருக்குக் கண் மங்கிப் போனது ஓய்வு பெற்ற பிறகு. சர்க்கரைதான் காரணம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடுப்பார்வை முழுக்கப் புகை அடைத்த மாதிரி இருக்குமாம். ஓரத்தில் மட்டும் நிழல் நிழலாக ஆட்கள் அசைவது தெரியுமாம். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படிக்காரனைத் தோளைப் பார்த்தே பிடித்தவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரோடு இருக்கிற மனிதரால் 'எனக்குக் கண் தெரியவில்லை' என்று எப்படிச் சொல்ல முடியும்? சொல்லவில்லை. நானும் சொல்லவிடவில்லை.

அதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நான் அவருடைய இடது பக்கம் முழங்கையைப் பிடித்தபடி நடப்பேன். ஏறுகிற படி என்றால் ஒரு அழுத்து. இறங்குகிற படி என்றால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். எதிரே ஆள் வந்தால் வாய் அசையாமல், "உங்க சித்தப்பா மவன், மஞ்சச் சட்டை, சிரிச்சிக்கிட்டே வாராரு" என்பேன். அவர் தூரத்திலிருந்தே, "என்னலே, மஞ்சச் சட்டைல மாப்பிள்ளை மாதிரி வாரே!" என்று முழங்குவார். "அண்ணாச்சிக்குக் கண்ணு இன்னமும் கழுகுக் கண்ணு" என்று அவர்கள் வியந்துபோவார்கள். வயதான காலத்தில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளே என்று என்னைக் கேலி செய்தவர்களும் உண்டு. செய்துவிட்டுப் போகட்டும். எனக்குள் அவ்வளவு கர்வம். இந்த ஊரில் எந்தப் பெண்ணின் வார்த்தையில் ஒரு புருஷன் இப்படி அடி எடுத்து வைத்தான்?

கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவர் முதலில், "எனக்கு எதுக்கு இந்தக் கருமம்? வீட்டுல ஆளு இருக்கால்லா" என்றுதான் சொன்னார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. மகள் விடவில்லை. "அப்பா, போட்டுப் பழகிட்டா அம்மாவுக்கும் கொஞ்சம் ரெஸ்டு கெடைக்கும்லா?" என்றாள். ரெஸ்ட் வேண்டும் என்று நான் யாரிடம் போய்க் கேட்டேன்? அன்று சாயங்காலம் அப்பாவும் மகளும் மொட்டை மாடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காயப் போட்ட வத்தலை எடுக்க நான் ஏறிப்போனதும் பேச்சு நின்றுவிட்டது. கீழே இறங்கி வந்த மனிதர் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். மாடியில் என்ன மந்திரம் போட்டாளோ என்று மகள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

முதலில் போனது பேப்பர். தினமும் காலையில் நான்தான் வாசிப்பேன். அவர் மனசுக்கு ஆகாததை நான் வாசிப்பதில்லை. அவரோடு பயிற்சி எடுத்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிற காலம் இது. சாவு விளம்பரம் வருகிற பக்கத்தைத் தாண்டிவிடுவேன். சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் சாப்பிட்ட பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்வேன். அவளுக்கு அதெல்லாம் தெரியுமா? பக்கத்தைக் காட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒப்பித்துவிடுவாள். ஒரு நாள் காலை இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, தன்னோடு சிவகிரி ஸ்டேஷனில் இருந்த சிநேகிதர் இறந்துபோனதை அவள் வாயால் கேட்டார். கண்ணாடிக் கடையில் தள்ளுபடி என்று சொன்ன அதே குரலில் அதையும் சொன்னாள். அவர் இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்காக மறுநாள் பேப்பரை என் கையில் கொடுத்தாரா என்றால், அதுவும் இல்லை.

"நான் வாசிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ போயி காப்பியக் குடி. ஆறிப்போகும்."

என் காப்பி ஆறுவதைப் பற்றி அவர் அதுவரை கவலைப்பட்டதே கிடையாது.

இன்னொரு நாள் மத்தியானம். நான் எதிரே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் விளையாட்டாகக் கண்ணாடியிடம், "என் முன்னால யாரு இருக்கா?" என்று கேட்டார். வீடு அமைதியாக இருந்ததால் அவள் சொன்னது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"நரைத்த கூந்தலுடன் ஒரு வயதான பெண்மணி தரையில் அமர்ந்திருக்கிறார். சோர்வாகத் தெரிகிறார்."

அவர் முகம் சட்டென்று மாறியது. அவருடைய பார்வை போகும்போது என் தலையில் காதோரம் மட்டும்தான் வெளுத்திருந்தது. அதன்பிறகு அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. அவர் மனசில் நான் இன்னும் அந்தக் காதோர நரையோடு நின்றுகொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டு வயதான பெண்மணி ஒருத்தியை உட்காரவைக்க இவள் யார்? வெங்காயத்தைச் சாக்காக வைத்து அழுதுகொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் சரியாத் தெரியல" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு அவருக்குப் பிடித்த உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு ஆள் வருவதும் குறைந்தது. எதிர்வீட்டு மதினி தினமும் பதினொரு மணிக்கு வந்து அரைமணி நேரமாவது ஊர்க்கதை பேசாமல் போகமாட்டாள். கண்ணாடியில் கேமரா இருப்பது தெரிந்ததிலிருந்து வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "அண்ணாச்சி முழிச்சிருக்காவளா? அப்பம் பொறவு வாரேன்" என்று நழுவிவிடுவாள். அவருக்குப் பார்வை இருந்த காலத்தில்கூட அவள் இப்படிக் கூசியதில்லை. எனக்கே அப்படித்தான். சாயம் போன நைட்டியோடு அடுக்களையில் நிற்கும்போது கதவுப்பக்கம் அவர் தலை தெரிந்தால் திடுக்கென்று இருக்கும். புருஷன்தான் வருகிறார், ஆனால் கூடவே இன்னொருத்தியும் வருகிறாளே. அவள் என் அடுக்களையைப் பார்த்துப் 'பாத்திரங்கள் கழுவப்படாமல் உள்ளன' என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

அவளுடைய மூக்கும் ஒரு நாள் உடைபட்டது. கடையத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் இறங்கியதும், "நீ போயி பொம்பளைய கூட உக்காரு. நான் வந்துக்கிடுதேன்" என்று கையை விடுவித்துக்கொண்டார். கல்யாண வீட்டில் அவர் என் கையை விட்டது அதுவே முதல் தடவை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பிளெக்ஸ் போர்டு. அதில் மாப்பிள்ளையின் தாத்தா கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் செத்துப் பல வருடமாகிறது. படத்துக்குக் கீழே 'தெய்வத்திரு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவளுக்கு எழுத்து கண்ணில் படவில்லை போல. 'வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு முதியவர் புன்னகையுடன் உங்களை வரவேற்கிறார்' என்று சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நின்று, இரண்டு கையையும் கூப்பி, நல்ல கம்பீரமாக, "வணக்கம் வணக்கம்! சௌக்கியமா இருக்கியளா?" என்று விசாரித்தார்.

சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரோ ஒருவர், "அண்ணாச்சிக்கு நக்கலப் பாத்தியளா, தாத்தாகிட்டயே சௌக்கியம் கேக்காவ!" என்றார். இவரும் சமாளித்துச் சிரித்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். வாடி, உன் லட்சணம் இதுதானா? படம் எது மனிதர் எது என்று தெரியாதவள் என் இடத்துக்கு வருகிறாயா? பந்தியில் பக்கத்தில் நான் இல்லாமல் அவர் இலையைத் தடவித் தடவி உப்பைத் தேடியதைப் பார்த்தபோதுதான் சந்தோஷம் வடிந்தது. எழுந்துபோய் இலையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். அவர்தானே கையை விட்டார் என்ற ரோஷத்தில் உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. தென்காசிக்காரர்களுக்குச் சாரல் விழுந்துவிட்டால் வீட்டில் கால் தங்காது. குற்றாலம் போய்ப் பேரருவியில் தலையைக் கொடுத்தால்தான் அவருக்கு வருடம் பிறந்த மாதிரி. உத்தியோகத்தில் இருந்தபோது சீசன் டியூட்டி என்றால் கேட்டு வாங்கிக்கொள்வார். பெண்கள் குளிக்கிற பக்கம் நோட்டம் விடும் பயல்களைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, ஈரத்தோடு வெயிலில் உட்காரவைத்த கதையை இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கண் போன பிறகு அங்கே மட்டும் என் ஏற்பாடு செல்லாது. ஆண்கள் பக்கம் நான் எப்படிப் போவது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற நல்ல முகமாகப் பார்த்து, "அண்ணாச்சி, அவுகளுக்கு முட்டு வலி. பாறை வழுக்கும், செத்த நேரம் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று ஒப்படைப்பேன். கண்ணைப் பற்றிச் சொல்லமாட்டேன். பிறகு அவர் சட்டை, செருப்பு, வாட்ச் எல்லாவற்றையும் மடியில் கட்டிக்கொண்டு கம்பிப் பக்கம் நின்று, அவர் தலை தண்ணீருக்குள் போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் கரையேறுகிற வரைக்கும் எனக்கு மூச்சு சரியாக வராது. அதற்குள் நான் எங்கே போய்க் குளிப்பது? காற்றில் வருகிற சாரல் மேலே பட்டால் அதுவே எனக்குக் குளியல்.

அன்றைக்குக் காலையில் வீட்டிலேயே தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். நெற்றியில் வழிந்த எண்ணெயில் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. விரலால் தள்ளித் தள்ளி விட்டு அவளுடைய கண்ணிலும் எண்ணெய் அப்பியிருந்தது.

"இன்னைக்கு என்ன கலர் சேலை கட்டிருக்க?" என்று கேட்டார்.

அவர் அப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. சந்தோஷமாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையத்து ரோஷம் இன்னும் தொண்டையிலேயே நின்றது.

"எங்கிட்ட எதுக்குக் கேக்குதிய? அதான் ஒருத்தி இருக்காளே, அவகிட்டயே கேளுங்க."

அவர் உண்மையிலேயே கேட்டுவிட்டார். "நீல நிறச் சேலை" என்றாள் அவள். நான் கழுத்தை நொடித்துக்கொண்டு பையை எடுத்தேன். நான் கட்டியிருந்தது நீலமில்லை. மயில்கழுத்து. நம் ஊரில் சேலைக்கடைப் பக்கம் போன எவளும் இதில் தப்பு செய்யமாட்டாள். தெரியாமல் உளறட்டும் என்று விட்டுவிட்டேன்.

டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற வாசனையும் ஈரத்துணி வாசனையுமாக வழி நெடுகக் கூட்டம். ஆள் பிடித்து ஒப்படைக்கலாம் என்று நான் சுற்றிப் பார்த்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, "நீ போயி பொம்பளைய பக்கம் குளி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"அங்கன வழுக்கும்."

"அதான் கண்ணாடி இருக்குல்லா. போட்டி."

எங்கள் பக்கம் 'போடி'யைப் 'போட்டி' என்போம். அந்தப் 'போட்டி' எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? தள்ளிவிட்ட மாதிரி கேட்டது. முழங்கையைக் கடையத்தில் விட்டார், பேப்பரை வீட்டில் விட்டார், மீதியிருந்தது இந்த அருவிக்கரைதான். இங்கேயும் நான் வேண்டாம். "சரி, அவளையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கம் நடந்தேன். ஆனால் குளிக்கப் போகவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு கடையின் படுதாவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அவள் எப்படித்தான் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று பார்த்துவிட வேண்டும். கையைப் பிடிக்க அவளுக்குக் கை ஏது?

அவர் அருவிக்குப் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் குளிக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். உதடு அசைந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார். கம்பியோரமாக இரண்டு எட்டு நகர்ந்து மறுபடியும் அந்தப் பக்கமே பார்த்தார். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அருவி இரைச்சலில் அவள் சொல்வது கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

முதலில் கவனித்தது குளித்துவிட்டு ஏறிவந்த ஒரு பெண். ஈரச்சேலையை உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏ, அந்த ஆளப் பாருங்க! கண்ணாடில கேமரா! லைட்டு எரியுது! பொம்பளையள படம் எடுக்கான்!"

அவ்வளவுதான். ஈரத்தலையும் துண்டுமாக ஆண்கள் கூடிவிட்டார்கள். "வயசான காலத்துல புத்தியப் பாரு" என்றான் ஒருவன். இன்னொருவன் கண்ணாடியைப் பிடுங்கினான். எண்ணெய்ப் பிசுக்கில் அது கை நழுவிப் பாறையில் விழுந்தது. இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் தோளைப் பிடித்தார். எந்த இடத்தில் நின்று அவர் அத்தனை பயல்களின் சட்டையைப் பிடித்தாரோ, அதே இடம்.

"நான் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர்" என்றார். குரல் எழும்பவில்லை.

"இன்ஸ்பெக்டர்னா பொம்பளைய குளிக்கத படம் எடுக்கலாமா சார்? அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன பார்வை?"

என்ன பார்வை என்று கேட்டார். பார்வையே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. குரல் எங்கெங்கிருந்து வருகிறதோ அங்கெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பி நின்றார். இடது கை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, நான் பிடிப்பதற்குத் தோதாக மடங்கி இருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

"விடுங்கய்யா அவுகள! அவுகளுக்குக் கண்ணு தெரியாது! ரெண்டு கண்ணும் தெரியாது!"

இத்தனை காலம் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் கடைத்தெருவிலும் பொத்திப் பொத்தி வைத்ததை, குற்றாலத்துச் சீசன் கூட்டத்தின் நடுவே நின்று நானே கத்தினேன். கூட்டத்தில் எங்கள் தெரு மாவுமில்காரரும் துண்டோடு நின்றிருந்தார். "நம்ம சாருக்கா? கண்ணா?" என்று அவர் வாய்விட்டே கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

கண்ணாடி எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் கான்ஸ்டபிளிடம் நான்தான் விளக்கினேன். அவள் சார்பாக நானே வக்காலத்து வாங்கவேண்டி வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம் எடுப்பாள் என்று சொல்லிச் செல்போனைத் திறந்து கொடுத்தேன். எண்ணெய் படிந்து எல்லாமே கலங்கல். தண்ணீரும் தலைகளும்தான் தெரிந்தன. இருந்தாலும் கான்ஸ்டபிள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டி, அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்தார். அவள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தால் செருப்பை எடுத்திருப்பேன். "சார், தெரியாமத் தோளைப் புடிச்சிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. இனிமே இதப் போட்டுக்கிட்டு இங்கன வராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கான்ஸ்டபிள் போனார்.

கூட்டம் கலைந்தது. அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கட்டைச்சுவரில் உட்காரவைத்தேன். கண்ணாடியைத் துடைத்து அவர் சட்டைப் பையில் போட்டேன். ஒரு கம்பி விரிசல் விட்டிருந்தது. பயம் போனதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"குளிக்க வந்த மனுசன் குளிக்கப் போக வேண்டியதுதான? பொம்பளைய பக்கம் என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னீய?"

"நீ குளிக்கியான்னு பாத்தேன்" என்றார்.

"என்னது?"

"மக சொன்னா, அன்னைக்கு மாடில வச்சு. 'உங்களுக்குக் கண்ணு போனதுலேருந்து அம்மா ஒரு சீசன்லகூட அருவில நனையலப்பா. உங்க சட்டைய வச்சிக்கிட்டு கம்பிக்கிட்டயே நிக்கா'ன்னு. எனக்கு அது தெரியாதுட்டி. நீயும் குளிச்சிட்டுத்தான் வாரன்னு நெனச்சிருந்தேன். அதுக்குத்தான இந்தக் கருமத்தையே மாட்டிக்கிட்டேன், நீ செத்த நேரம் என்ன விட்டுட்டு இருப்பன்னு."

ஆறிப்போகும் காப்பி, பெண்களோடு உட்காரச் சொன்னது, கையை விட்டது எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன.

"போன்னு சொன்னாலும் நீ போகமாட்ட, எங்கயாவது ஒளிஞ்சு நின்னு பாப்பன்னு தெரியும். அதான், நீலச் சேலை கட்டின பொம்பளை அருவிக்குள்ள நிக்காளான்னு அவகிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படி யாரும் இல்லன்னே சொன்னா. நீ நனஞ்சது தெரிஞ்சாத்தான் நான் போயி நனையணும்னு நின்னேன்."

"அது நீலமில்ல" என்றேன். "மயில்கழுத்து."

"அத நீதானட்டி எனக்குச் சொல்லிருக்கணும்" என்றார்.

அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் செருப்பைக் காலால் துழாவித் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். "போ. நான் இங்கனயே இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்" என்றார். நான் போனேன். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அருவி என் தலையில் கொட்டியது. யார் யாரோ இடித்தார்கள், நானும் இடித்தேன், மூச்சு முட்டியது, அழுதால்கூடத் தெரியாத இடம் அது. திரும்பி வந்து அவர் முன்னால் நின்றபோது சேலையிலிருந்து தண்ணீர் அவர் கால்மேல் சொட்டியது. அவர் கையை நீட்டி முந்தானை நுனியைப் பிடித்துப் பிழிந்து பார்த்தார். பிறகு எட்டி என் தலைமுடியைத் தொட்டார். நரைத்த முடிதான். நன்றாக நனைந்திருக்கிறதா என்று வேர் வரைக்கும் விரலை விட்டுப் பார்த்தார்.

பிறகு மாவுமில்காரர் தானாகவே வந்து, "சார், வாங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று அவரைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். முட்டு வலி என்று நான் புளுகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கே விஷயம் தெரியும். எதிரே வருகிறவர்கள் அவர்களாகவே, "சார், நான்தான் மாவுமில்லு", "அண்ணாச்சி, நான் எதுத்த வீட்டுல இருந்து" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அதுவும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். என் வேலையைத் தெருவே பங்கு போட்டுக்கொண்டது. கண்ணாடிக்கு ஒரு கம்பியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன். மருந்துச் சீட்டையும் பேப்பரையும் அவளே வாசிக்கட்டும். சாவுப் பக்கத்தை மட்டும் நான் முதலிலேயே உருவி எடுத்துவிடுகிறேன். வெளியே கிளம்பினால் அவள் பெட்டிக்குள், நான் முழங்கையில். அவளுக்கு அவர் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எனக்குச் சொல்வதில்லை. வயிறு எரியத்தான் செய்கிறது, எதற்குப் பொய் சொல்ல?

ஆனால் தினமும் காலையில் சேலையைக் கட்டி முடித்ததும் நேராக அவர் முன்னால் போய் நிற்பேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நிறத்தை நான் சொல்லிவிடுவேன்.